மெட்ராஸ் வழி

பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார் சாரங்கபாணி. கையெழுத்து மட்டும் விழவில்லை.

எதிரே பீர் மைதீன், ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட்டில் டிராவல்ஸ் வைத்திருப்பவர். மேஜையில் புது விமானக் கம்பெனியின் விண்ணப்பம் கிடந்தது. அவருக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது.

போகாதா பின்னே? மதுரையில் ஏறினால் நேரே பம்பாயில் இறக்கிவிடுகிறேன் என்கிறான் புதுக் கம்பெனிக்காரன். பழைய விமானத்தில் பறந்து பறந்து சேர்த்த பாயிண்டுகளுக்கு ஈடாகத் தானும் பாயிண்ட் போட்டு, கார்டும் தருகிறேன் என்கிறான். சக்கரைக்காரர்களுக்குத் தனிச் சாப்பாடு, அதுவும் உட்கார்ந்ததுமே. வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காத குறைதான்.

சாரங்கபாணி பேண்டேஜ் துணிக் கம்பெனியின் விற்பனை மேனேஜர். மாதம் ஒரு தடவை பம்பாய் ஆஸ்பத்திரிகளுக்குப் போய் ஆர்டர் பிடித்து வருகிறவர். பழைய விமானத்தில் மெட்ராஸில் இறங்கி, காத்துக் கிடந்து, வேறு விமானம் மாறித்தான் பம்பாய்.

போன மாதம் அந்தக் காத்திருப்பில்தான் வந்தது வினை. இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டார். விமானம் நேரத்துக்குக் கிளம்பவில்லை, சாப்பாடும் வரவில்லை. நடுவானத்தில் வேர்த்துக் கொட்டி, கண் இருட்டி, பம்பாயில் ஸ்ட்ரெச்சரில் இறக்கினார்கள்.

இத்தனைக்கும் சட்டைப்பையில் குளுக்கோஸ் பிஸ்கட் இருந்தது. மனுஷன் பிரிக்கவில்லை.

முதலாளி காதுக்கு விஷயம் போனது. இனி நேர் விமானம், இல்லையென்றால் பம்பாய்க்கு வேறு ஆள் என்று சொல்லிவிட்டார்.

சரிதான். ஆனால் நேர் விமானம் என்றால் மெட்ராஸ் கிடையாது. மெட்ராஸ் கிடையாது என்றால் அந்தப் பெண் கிடையாது.

அந்தப் பெண் மெட்ராஸ் ஏர்போர்ட்டில் பழைய கம்பெனியின் கவுண்டரில் இருக்கிறவள். இவர் கேட்காமலே சக்கரைச் சாப்பாடு என்று குறித்துவைப்பாள். அடிக்கடி எழுந்து போக வேண்டியவர் என்று ஓரத்து சீட்டாகப் பார்த்துப் போடுவாள். டிக்கெட்டோடு சேர்த்து ஒரு பிஸ்கட் பொட்டலம் நகர்ந்து வரும்.

"ஊசி போட்டாச்சா, சார்?" என்பாள்.

"ஆச்சு" என்பார்.

மூன்று வருஷமாக அவர்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

அதற்காக ஏங்கினார். பூசி மெழுக என்ன இருக்கிறது? மாதம் முழுக்க அந்த ஒரு கேள்விக்காக ஏங்கினார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு. ஒவ்வொரு பயணத்துக்கும் மனைவி ஸாவித்ரி பால்கோவா கட்டிக் கொடுப்பாள். சக்கரைக்காரனுக்கு எதற்குப் பால்கோவா என்று அவரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. அந்தப் பொட்டலத்தைத் தவறாமல் மெட்ராஸ் கவுண்டரில் மறந்துவைத்துவிட்டுப் போவார். ஏகாதசியை ஒருநாளும் மறக்காத மனுஷர், பால்கோவாவை மட்டும் மறப்பார். திரும்பி வந்ததும் பிஸ்கட்டைப் பிரிக்காமல் ஸாவித்ரி கையில் கொடுப்பார். அவள் அதைக் காப்பியில் தோய்த்து ஒன்று ஒன்றாக, நாலைந்து நாள் வைத்திருந்து தின்பாள்.

இதெல்லாம் பீர் மைதீனுக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். நெற்றியில் பளிச்சென்று நாமம் போட்ட பெரிய மனுஷர் கவுண்டர்ப் பெண் ஒருத்தியைப் பற்றி இரண்டு மூன்று தடவை பேச்சு வாக்கில் சொல்லியிருக்கிறார். இந்த வயசில் இது என்ன கூத்து என்று அவர் மனசுக்குள் நினைத்ததில் தப்பும் இல்லை.

கையெழுத்துக்குக் காத்திருந்தால் கதை நடக்காது என்று அவரே டெலிபோனை இழுத்தார். திங்கட்கிழமை டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டும். சாப்பாட்டுக் குறிப்பை எடுக்க ஏர்போர்ட்டுக்கே சொல்லியாக வேண்டும். சாரங்கபாணி வேண்டாம் என்று கையை நீட்டுவதற்குள் மெட்ராஸ் கிடைத்துவிட்டது. பயணிக்கு மயக்கம் வந்தது, ஸ்ட்ரெச்சரில் இறக்கியது, முதலாளி சொன்னது எல்லாவற்றையும் பீர் மைதீன் விலாவாரியாக ஒப்பித்தார்.

பிறகு அவர் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டார்.

"சார், நீங்க சொல்லுவீகளே, அந்தப் பிள்ளதான். ஒங்ககிட்ட குடுக்கச் சொல்லுது."

சாரங்கபாணி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ரிசீவருக்குள் விமான அறிவிப்பு ஒன்று தூரத்தில் ஓடி ஓய்ந்தது.

"மாத்திக்கோங்கோப்பா. பால்கோவாவை இனிமே அம்மா பார்சல்ல அனுப்பட்டும்."

அப்பா என்றாள்.

ஐந்து வருஷத்துக்கு முன் அவள் பதிவாபீசில் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டாள் என்ற சேதி வந்த அன்று, ஊர் பார்க்கத் திருமுக்குளத்தில் இறங்கித் தலைமுழுகியவர் இவர். மகள் செத்துப்போனாள் என்று அர்த்தம். அதன்பின் அந்தப் பெயரை அவர் வாயால் சொன்னதில்லை. செத்தவளோடு பேசக் கூடாது. டிக்கெட்டை நீட்டலாம், கவுண்டரில் கேட்டதற்கு ஒரு வார்த்தை பதில் சொல்லலாம், அதற்குச் சாஸ்திரத்தில் தடை இல்லை.

பழகிய வாய், "ஆச்சு" என்றது.

அவள் கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு போனை வைத்துவிட்டாள்.

பீர் மைதீன் விண்ணப்பத்தை மறுபடி நகர்த்தினார். இந்தத் தடவை சாரங்கபாணி கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிப் பையில் செருகினார். டெலிபோனைப் பீர் மைதீன் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"அந்த நம்பரை இன்னொரு தடவை போடுங்கோ, பாய். மரகதவல்லின்னு கேளுங்கோ. அவ அப்பா பேசறார்னு சொல்லுங்கோ."