நண்டுக்கோதுக் குளிசை

"நீ என்னை ஏமாத்திப்போட்டாய், பிள்ளை." பஞ்சலிங்கம் வெறும் போத்தலை டொக்டர் ஜெசிதாவின் மேசையில் வைத்தார்.

பதினான்கு நாள் அதிலிருந்த குளிசைகளை வேளை தவறாமல் விழுங்கியும் வயிற்றெரிவு போகவில்லை. சற்றுமுன் பைக்குள் ஊதவைத்துச் செய்த சோதனையிலும் இரைப்பைக் கிருமி அப்படியே இருந்தது. அவருடைய தமையனுக்கு இதே கிருமிதான் முற்றி, புற்றாகி, ஆளையே கொண்டுபோனது. அந்தப் பயத்தில் மனிதர் பாதியாகிப் போயிருந்தார்.

பக்கத்துக் கதிரையில் சிமியோன் தலை குனிந்து இருந்தார். பண்டத்தரிப்பில் அடுத்தடுத்த வளவு, நாற்பது வருடச் சிநேகிதம், வயிற்று வருத்தமும் ஒன்று. ஆனால் சிமியோனின் வயிற்றில் இப்போது கிருமி இல்லை. போதாக்குறைக்கு அவர் ஜெசிதாவின் தாய்மாமன்.

வழக்கமான மருந்துகள் இரண்டு பேருக்கும் இரண்டு தடவை தோற்ற பிறகுதான் இந்த ஆராய்ச்சியில் சேர்ந்தார்கள். நண்டின் ஓட்டுக்கோதிலிருந்து செய்த, கண்ணுக்குத் தெரியாத நுண்மணிகள் இரைப்பைச் சுவரில் ஒட்டிக்கொண்டு கிருமியைக் கொல்லுமாம். பாதிப் பேருக்கு மணிக்குளிசை, பாதிப் பேருக்கு அதே தோற்றத்தில் வெறும் மாக்குளிசை. யாருக்கு எது என்று கொம்பியூட்டர்தான் பிரிக்கும், தனக்கே தெரியாது என்று ஜெசிதா முதல் நாளே சொல்லியிருந்தாள். சந்தேகம் புகுந்த மனத்தில் விளக்கம் ஏறுமா?

"இவன் சிமியோனை நான் குறை சொல்லேல்லை. நீ மருந்து தந்த அண்டைக்கு, திரும்பிப் போற வழியிலை நான் மானிப்பாயிலை மகளிட்டை இறங்க, என்ரை மருந்துப் பையையும் பத்திரமாக் கொண்டுபோய் வைச்சிருந்து விடியத் தந்தவன். நீதான் பிள்ளை, மாமனுக்கு மருந்தையும் எனக்கு மாவையும் தந்தனி. தானாடாட்டிலும் தசையாடுமெண்டு சும்மாவே சொன்னவை?"

ஜெசிதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. யாருக்கு எது என்ற பட்டியலைத் திறக்கும் நாள் இன்றுதான். திறந்தாள். ஒன்றுக்கு இரண்டு தரம் வாசித்தாள்.

"ஐயா, உங்களுக்குத்தான் மணிக்குளிசை வந்திருக்கு. மாமாவுக்கு மா."

ஒரு பாவமும் அறியாத பிள்ளையைத் திட்டிவிட்டோமே என்று பஞ்சலிங்கத்துக்கு வெட்கமாக இருந்தது. நல்ல மருந்தே தன்னிடம் தோற்றுவிட்டது என்றால் இனி என்ன வழி என்று அதைவிடப் பயமாகவும் இருந்தது.

மா கிடைத்தவர்களுக்குக் கொடுக்கவென்று மணிக்குளிசைப் போத்தல் ஒன்று மிச்சமிருந்தது. மாமனுக்கு இனி அது தேவையில்லை. மணி பலிக்காதவருக்குத் திரும்பக் கொடுக்க விதியில் இடமில்லை. மன்னிப்புக் கேட்டபடி ஜெசிதா அதை அலுமாரியில் வைத்துப் பூட்டப் போனாள்.

"பூட்டாதை, பிள்ளை." சிமியோன் எழுந்துவிட்டார். "நீ நேர்மைக்காரி. ஊர் கதைக்குமெண்டு பயந்து எனக்கு மாவையும் இவனுக்கு மருந்தையும்தான் தருவாயெண்டு நினைச்சன்."

பஞ்சலிங்கம் திரும்பிப் பார்த்தார். சிமியோன் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை.

"பை என்னட்டை இருந்த அண்டிரவு ரெண்டு போத்திலிலையும் இருந்த குளிசையளை மாத்தினது நான்தான்."