ஃபிளோரா கொடுத்த பாட்டில்

“ஏட்டி, சட்டுனு உள்ள போயி இதுல பிடிச்சிட்டு வா.”

ஜேசுதாசன் சின்ன பாட்டிலை மனைவி ஃபிளோராவின் கையில் திணித்தான். பாளையங்கோட்டையில் அந்த டாக்டர் வீட்டு வராந்தாவில் நல்ல கூட்டம். யாரும் கவனிக்கவில்லை.

“உங்களுக்குத்தான டெஸ்டு? நான் எதுக்கு?”

“எனக்கு சுகர் இருக்குல்லா. நீர்ல சர்க்கரைன்னு எழுதிட்டா ஹார்பர் கம்பெனிக்காரன் வேலைக்கு எடுப்பானா? ஒனக்கென்ன, கல்லு மாதிரி இருக்க.”

“மாதாவுக்கு அடுக்குமா இது?”

“பிள்ளைங்க பட்டினி கெடந்தா மாதாவா வந்து உலை வைப்பா? போ, பைய போயிட்டு வா.”

ஃபிளோரா இடுப்பை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். வரும்போது பாட்டிலை முந்தானையில் மூடிக் கொண்டுவந்து அவனிடம் கொடுத்தாள். அவன் தன் பேரைச் சொல்லி உள்ளே நீட்டினான்.

கொஞ்ச நேரத்தில் அவனைக் கூப்பிட்டார்கள். டாக்டர் சுப்புலக்ஷ்மி ஒரு கண்ணாடிக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார். உள்ளே வடிகஞ்சி போலக் கலங்கியிருந்தது.

“சர்க்கரை இல்ல. ஆனா சுட வெச்சு ஆசிட் விட்டதும் இப்படி வெள்ளையாயிட்டு. நீர்ல புரதம் போனா கிட்னியச் சந்தேகப்படணும்.”

“கிட்னியா?” என்றான் ஜேசுதாசன்.

“பயப்படாதீங்க. சில மாத்திரை சாப்பிட்டாலும் இந்த டெஸ்ட்ல புரதம் மாதிரியே காட்டும். நீங்க ஏதும் சாப்பிடுதீங்களா?”

டாக்டரே வழி காட்டிவிட்டார். காய்ச்சலுக்கு ஏதோ மாத்திரை போட்டேன் என்று ஒரு பொய் சொன்னால் போதும், தப்பித்துவிடலாம்.

ஆனால் ஃபிளோரா தலைவலிக்குக்கூட மாத்திரை போடுகிறவள் இல்லையே. அப்படியென்றால் அவள் கிட்னி?

“டாக்டரம்மா, அது என்னோடது இல்ல. என் வீட்டுக்காரியோடது. எனக்கு சுகர், அதான் மாத்திக் குடுத்தேன். வேலை போனாப் போவுது. அவளப் பாருங்க.”

டாக்டர் அவனை ஒரு முறை முறைத்தார். பிறகு ஃபிளோராவை உள்ளே வரச் சொன்னார்.

“நீ என்னம்மா மாத்திரை சாப்பிடுத?”

“அவ ஒண்ணும் சாப்பிட மாட்டா டாக்டரம்மா.”

ஃபிளோரா அவன் முகத்தைப் பார்க்காமல், இடுப்பில் செருகியிருந்த மாத்திரை அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

டாக்டர் அதைத் திருப்பிப் பார்த்தார். “சுகர் மாத்திரை. இது அப்படித்தான் காட்டும். கிட்னியா இருக்காது. எதுக்கும் வேற மாதிரி ஒரு டெஸ்ட் பாத்துருவோம்.” பிறகு ஜேசுதாசனிடம், “நீங்க போயி உங்க நீரைக் கொண்டாங்க. உள்ளத உள்ளபடிதான் எழுதுவேன்” என்றார்.

அவன் நகரவில்லை.

“ஏட்டி, ஒனக்கும் சுகரா? எப்பத்துல இருந்து?”

“போன வருசத்துல இருந்து. வாயக் கட்டி, காசு கெடைக்கும்போது மட்டும் மாத்திரை போட்டுட்டு இருக்கேன். சர்க்கரை தெரியாதுன்னு நெனச்சுத்தான் பிடிச்சிக் குடுத்தேன்.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா என்ன?”

ஃபிளோரா முந்தானை நுனியைத் திருகினாள்.

“ரெண்டு பேருக்கும் தெனமும் வாங்க முடியாது. சொன்னா, நீங்க ஒங்க மாத்திரைய நிறுத்திருவீய.”