தூறல் எழுத்து

"இதை எந்தப் புண்ணியவான் எழுதினான்? எறும்பு மையில விழுந்து எந்திரிச்சுப் போன மாதிரி இருக்கு!"

காபிக்கடையில் பக்கத்து மேசைக்காரர் சுவரைப் பார்த்துச் சிரித்தார். அவளுக்குச் சுருக்கென்றது.

சுவரில் இருந்தது அவள் உருவாக்கிய எழுத்து. கம்ப்யூட்டரில் தட்டினால் கையால் எழுதியதுபோலவே வரும். பெயர் 'தூறல்'. பாதித் தூக்கத்தில் யாரோ பனி படர்ந்த கண்ணாடியில் விரலால் எழுதியதுபோல இருக்கவேண்டும் என்று விடியற்காலைகளில் உட்கார்ந்து வரைந்தது. ஒவ்வொரு எழுத்தின் வாலும் இழையாய் நீண்டு, அடுத்ததைப் போய்த் தொடும்.

கல்யாண அழைப்பிதழில் பெயர் போட, சென்ட் பாட்டிலில் ஒட்ட என்று வாங்குவார்கள். இந்தக் காபிக்கடைக்காரரோ விலைப்பட்டியல் முழுவதையும் அதில் அடித்து மாட்டியிருந்தார். அதுவும் வெளிர் நீலத்தில்! தோழி சொன்னபோது நம்பாமல் நேரிலேயே பார்க்க வந்திருந்தாள்.

வெளியே மழை. ஈரக் கண்ணாடி வழியே வந்த வெளிச்சத்தில் எழுத்துகள் மெல்ல மிதந்தன. கொஞ்ச நேரம் தன்னை மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் வந்தவர்கள் எல்லாரும் கண்ணை இடுக்கினார்கள். "என்னங்க இருக்கு?" என்றார்கள். கடைக்காரரும் சலிக்காமல் சூப்பிலிருந்து கேக் வரை ஒப்பித்தார்.

கூட்டம் குறைந்ததும் கல்லாவுக்குப் போனாள்.

"அண்ணே, அந்த எழுத்தை வரைஞ்சது நான்தான்."

"அடடே, நீங்களா! ரொம்ப அழகும்மா."

"அழகு இருக்கட்டும். நாலு வார்த்தைக்கு மேல அதுல படிக்க முடியாது. எம் பேருதான் கெடுது. வேற எழுத்துல நானே சும்மா போட்டுத் தர்றேன்."

"வேணாம்மா. இதான் வேணும்."

"படிக்கவே முடியாத போர்டு எதுக்குண்ணே?"

அவர் சிரித்துக்கொண்டே சில்லறையை எண்ணத் தொடங்கினார். வீம்பு பிடித்த மனுஷன் என்று நினைத்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. எதிர்ச் சலவைக்கடையில் துணி தேய்க்கும் அக்கா, குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்தார். சுவரை ஏறிட்டார். வாய்விட்டுச் சிரித்தார்.

"என்ன தம்பி, இது எழுத்தா, சிக்குப் பிடிச்ச நூலா? ஒண்ணும் புரியலை. நீயே சொல்லு."

கடைக்காரர் சொன்னார். இது என்ன, அது காரமா என்று ஒவ்வொன்றாய் விசாரித்த அக்கா, காளான் சூப் கேட்டுவிட்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார்.

கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

"கடை திறந்த நாள்லேர்ந்து வர்றாங்க. பழைய போர்டு பளிச்சுன்னு இருக்கும். அதையே கொஞ்ச நேரம் பாத்துட்டு, 'ஒரு டீ'ம்பாங்க. என்னிக்கும் டீ மட்டும்தான். அதான் பிடிக்கும்போலன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். படிக்கத் தெரியாதுன்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் புரிஞ்சுது. எல்லாரும் படிக்கிற இடத்துல வாய்விட்டுக் கேக்கக் கூச்சம்."

சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றியபடியே சொன்னார்:

"இப்ப இந்தக் கடையில யாருக்குமே படிக்கத் தெரியாதும்மா."