மேல்மண்

இந்துப்ரியா நீட்டிய மண் பரிசோதனைத் தாளில் ஓர் எண்ணைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தது. அதைப் பார்த்ததுமே நல்லகாமன், பட்டறை போயிற்று என்று நினைத்தார்.

கோரிப்பாளையத்தில் இருபத்திரண்டு வருடமாக வண்டி பழுது பார்க்கிறார். காலி செய்யச் சொல்லி இடத்துக்காரர் ஆறு மாதமாக நச்சரிக்கிறார். மண்ணில் விஷம் என்று ஒரு தாள் கையில் கிடைத்தால் மறுநாளே பூட்டு மாட்டிவிடுவார்.

போன மாதம் இந்தப் பெண் கல்லூரி ஆராய்ச்சிக்கென்று வந்து நின்றபோது, வெயிலில் வந்திருக்கிறதே என்று மோர் வாங்கிக் கொடுத்தவர் இவர்தான். பட்டறை வாசலில் நாலு இடத்தில் சுரண்டி நாலு பைகளில் போட்டுக்கொண்டாள். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல மண்ணும் ஒரு பை வேண்டும், அதை வேறு இடத்தில் எடுத்துக்கொள்வேன் என்றாள். எங்கள் மண்ணும் நல்ல மண்தான், கொஞ்சம் ஆயில் குடித்திருக்கிறது, அவ்வளவுதான் என்று இவர் சொல்ல, அவளும் சிரித்தாள்.

இன்று சிரிப்பில்லை. எடுத்துப் போட்ட ஸ்டூலிலும் உட்காரவில்லை. வாங்கி வைத்த டீயில் ஆடை படிந்துவிட்டது.

"எம்புட்டு இருக்கு பாப்பா?"

"இருக்கலாம்னு சொல்ற அளவப் போல அஞ்சு மடங்கு ஈயம்ணே. பழைய பேட்டரியில இருந்து வர்றது. அந்த மண்ணுல வெளையுறத வாயில வைக்கக் கூடாது."

நல்லகாமன் வாசலைப் பார்த்தார். துருப்பிடித்த சைலன்சர்கள், தேய்ந்த டயர்கள், ஜல்லி. ஒரு புல்கூடத் தலைகாட்டவில்லை.

"இங்க என்ன வெளையுது? நட்டும் போல்ட்டுமா?"

அதற்கும் அவள் சிரிக்கவில்லை. இந்த ஜல்லி எப்போது போட்டது என்று கேட்டாள்.

நாலு வருடம் ஆகிறது என்றார். மழை பெய்தால் வாசல் சகதியாகிறதென்று மேல்மண்ணை ஒரு முழ ஆழத்துக்கு வழித்தெடுத்துவிட்டு ஜல்லி பரப்பினார்கள். அதற்கு முன் பேட்டரிகளை உடைத்துத் தகடு எடுத்ததும் அதே இடத்தில்தான். சொல்லிக்கொண்டே வந்தவர், வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்கிறோமோ என்று நிறுத்திவிட்டார்.

"அந்த மண்ண எங்கண்ணே கொட்டுனீங்க?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை.

"கொட்டல பாப்பா. திருநகருக்கு அங்கிட்டு, பள்ளத்துல ப்ளாட் போட்டவரு ஒருத்தரு மேடாக்கணும்னு அஞ்சு லாரி அள்ளிட்டுப் போனாரு. கரிசல் கணக்கா கறுப்பா இருக்கு, செடிகொடி நல்லா வரும்னாரு."

அவள் தாளில் போட்ட வட்டத்தை மறுபடி பார்த்தாள். செல்போன் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு அணைத்தாள்.

"எங்க அக்காண்ணே. ஏழு மாசம். சாப்பிட வரச் சொல்லிக் கூப்புடுறா."

நல்லகாமன் கையெடுத்துக் கும்பிட்டார். "இந்தத் தாளு இடத்துக்காரர் கண்ணுல படாமப் பாத்துக்க பாப்பா. எனக்கு வேற பொழப்புத் தெரியாது."

"பயப்படாதீங்கண்ணே. மேல்மண்ண வழிச்சதுனால உங்க வாசல்ல இப்பக் கொஞ்சந்தான் இருக்கு. வட்டம் போட்டது, ஒப்பிட்டுப் பாக்க எடுத்த அந்த நல்ல மண்ணு."

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அது எங்க எடுத்தது?"

"திருநகருக்கு அங்கிட்டுத்தாண்ணே. எங்க வீட்டுக் கீரைப்பாத்தியில."