ஆறாவது வண்டி

ஜிர்காடாங் செக்போஸ்ட்டில் கேட் திறக்கப் பத்து நிமிடம் இருந்தது. விஜயன் தன் சட்டைப் பையைத் தொட்டு, "ஏக்" என்று தொடங்கினான்.

தீவில் பிறந்தவனுக்கு எண்ணிக்கை இந்தியில்தான் வரும்.

பதினோரு வருடப் பழக்கம் இது. போர்ட் பிளேரிலிருந்து வரும் வண்டிகளெல்லாம் இங்கே வரிசையில் நிற்க வேண்டும். காட்டுக்குள் யாரும் தனியாகப் போக முடியாது. ஆறு மணிக்குப் போலீஸ் ஜீப் முன்னால் போக, எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். நடுவில் எங்கும் நிறுத்தக்கூடாது. கேட்டைத் தாண்டினால் போனில் சிக்னலும் இருக்காது. காடு முடிகிற இடத்தில் கடல். ஃபெர்ரியில் அக்கரை போனால் பாராடாங். இறங்கியதும் ஒச்சம்மாவின் இட்லிக் கடை.

விடியுமுன் கிளம்பி வருகிற கூட்டம் அங்கே பசியோடு இறங்கும். குகை பார்க்கப் படகேறுவதற்குள் அரை மணி நேரம்தான். அதற்குள் எல்லோருக்கும் இட்லி சூடாக வேண்டுமென்றால், எத்தனை வண்டி வருகிறது என்று ஒச்சம்மாவுக்கு முன்னாலேயே தெரிந்தாக வேண்டும். அதைச் சொல்ல இந்தப் பத்து நிமிடத்தை விட்டால் வேறு நேரமில்லை.

எண்ணுவதற்கும் ஒரு முறை உண்டு. லாரியைச் சேர்க்கக் கூடாது. அரசுப் பஸ்ஸையும் சேர்க்கக் கூடாது. அதில் வருகிறவர்கள் தீவுக்காரர்கள், வீட்டிலேயே டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டு வருவார்கள், கடைப் பக்கம் திரும்ப மாட்டார்கள். டூரிஸ்ட் வண்டி மட்டும்தான் கணக்கு. வண்டிக்கு இருபது இட்லி.

தொடக்கத்தில் ஒருநாள் விஜயன் தன் வண்டியையே எண்ண மறந்துவிட்டான். அவன் கூட்டிவந்த நான்கு பேருக்கும் இட்லி இல்லாமல் போயிற்று. "மொதல்ல ஒன்னைய எண்ணுடா, பெறகு மத்தவனை எண்ணலாம்" என்று ஒச்சம்மா கரண்டியை ஓங்கினாள். அன்றிலிருந்து, வண்டிச் சாவி கிடக்கும் பையைத் தொட்டுவிட்டுத்தான் அடுத்த வண்டிக்குப் போவான்.

சீசனில் நாற்பதைத் தாண்டும். கரையிலிருந்த மூன்று கடைகளும் பங்கு போட்டுக்கொண்டாலும் சமாளிக்க முடியாது. அதெல்லாம் விமானங்கள் குறைவதற்கு முன்பு. இப்போது மற்ற இரண்டு கடைகளும் ஷட்டரை இறக்கிவிட்டன. பத்துப் பேர் சேராமல் படகுகள் கட்டிய இடத்திலேயே ஆடிக்கொண்டிருக்கின்றன.

ஒச்சம்மாவிடம் இருப்பது கடைசி சிலிண்டர். அதனால் அவள் ஒரு கோடு போட்டிருந்தாள். ஆறு வண்டி வந்தால் கொப்பரை ஏற்றுவாள். ஐந்து என்றால் டீ மட்டும். மாவு ஃபிரிட்ஜில் நாளைக்குத் தாங்கும். அவித்த இட்லி தாங்காது, மத்தியானத்துக்குள் கல்லாகிவிடும்.

"இன்னொரு தடவ அவிச்சதைக் கடல்ல கொட்ட வச்சீங்கன்னா, மறுநாளே ஹேடோ துறைமுகத்துல கப்பலேறி ஊருக்குப் போயிருவேன் பாத்துக்க" என்று போன வாரம் சொல்லியிருந்தாள். ஒச்சம்மா சும்மா சொல்கிறவள் இல்லை.

விஜயன் வரிசையோடு நடந்தான். ஒரு லாரி. பிறகு மஞ்சள் நம்பர் பிளேட்டோடு ஒரு வேன், "தோ." இரண்டு கார்கள். இன்னும் ஒரு லாரி. அரசுப் பஸ்ஸைத் தாண்டி இன்னொரு வேன். கடைசிக் காரில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான் சந்திரமோகன். பல வருடமாக இதே வழியில் ஓட்டுகிறவன்.

"இன்னிக்குமா எண்ணுறே? சென்சஸ் ஆபீசர்னு நெத்தியில எழுதிக்கோ, பாய்."

"எண்ணலைன்னா அக்கா அடுப்பைப் பத்த வைக்காது" என்ற விஜயன், அந்தக் காரின் கூரையைத் தட்டினான். "ச்சே."

ஆறு. சரியாக ஆறு. அவனுக்கு மூச்சே அப்போதுதான் வந்தது.

போனில் முதல் மணியிலேயே ஒச்சம்மா எடுத்தாள்.

"ச்சே காடி, அக்கா."

"ஆறா! ஒன்னையச் சேத்தா?"

"சேத்துத்தான். எப்பவும் போல."

"அய்யா, நல்லாயிருப்படா." லைட்டர் சொடுக்கும் ஓசை கேட்டது. அடுப்பு குப்பென்று பிடித்ததும் கேட்டது.

போலீஸ் ஜீப் ஹாரன் அடித்தது. டிரைவர்கள் டீக் கிளாசை வைத்துவிட்டு ஓடினார்கள். சந்திரமோகன் கார்க் கதவைத் திறந்தபடியே கத்தினான்.

"அங்க என்ன நிக்கிறே? ஓடு பாய், உன் பஸ் போகுது!"

விஜயன் ஓடிப்போய் அரசுப் பஸ்ஸின் பின்வாசலில் தொற்றி ஏறினான். கேட் உயர்ந்தது. இரண்டு பக்கமும் காடு வந்து நெருங்கியது.

"டிக்கெட்" என்று கண்டக்டர் கை நீட்டினார்.

சட்டைப் பைக்குள் விரலை விட்டான். பதினோரு வருடம் சாவி கிடந்த இடத்தில், பாராடாங்குக்கும் அப்பால் இருக்கிற ரங்கத்துக்கு வாங்கிய டிக்கெட் இருந்தது. ரங்கத்தில் ரோடு கான்டிராக்டர் ஒருவரிடம் லாரி ஓட்டும் வேலை. தன் வேனை முந்தாநாள் விற்றுவிட்டான். ஒச்சம்மாவிடம் போனில் சொல்ல வாய் வராமல், இறங்கும்போது நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தான்.

டிக்கெட்டை நீட்டிய கை அப்படியே நின்றது.

ஏக். இந்தப் பையைத் தொட்டுத்தான் எண்ணத் தொடங்கியிருந்தான்.

போனை எடுத்தான். ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பார்த்தான். ஒரு கோடுகூட இல்லை.

"கை உள்ளே, கை உள்ளே" என்றார் கண்டக்டர்.

இன்னும் ஒன்றரை மணி நேரம் காடுதான். இந்நேரம் கொப்பரையில் ஆவி ஏறியிருக்கும்.

இருக்கையில் உட்கார்ந்தான். மனைவி சுசீலா கட்டிக் கொடுத்திருந்த டிபன் பாக்ஸ், மடியில் இன்னும் சூடாக இருந்தது.