சனிக்கிழமை அனுமதி

"வீட்டுல உட்கார்ந்து வேலையா? வேலைக்குன்னு ஒரு மரியாதை வேண்டாமா?" மேலாளர் மேசையைத் தட்டினார்.

"சனிக்கிழமை மட்டும்தான் சார். வாரம் பூரா இங்கேயே கிடந்தா பொண்டாட்டி முகமே மறந்துடும்," என்றார் கணக்கர். மற்றவர்கள் எல்லாம் ஏதேதோ சாக்குச் சொல்லிச் சனிக்கிழமையிலிருந்து தப்பிவிட்டார்கள். மேலாளருக்குத் துணை இவர் ஒருவர்தான்.

"என்னைப் பாருங்க, லீவே கேட்டதில்லை. உழைப்புதான்யா மனநிறைவு!" என்று சொற்பொழிவாற்றிவிட்டு, ராஜ்யத்தையே தானம் கொடுப்பவர்போல் மேலாளர் அனுமதித்தார்.

சனிக்கிழமை காலை அழைப்பு மணி அடித்தது. கணக்கர் கதவைத் திறந்தார். மடிக்கணினிப் பையோடு மேலாளர்!

"நான் வேலை பார்க்கிறேனான்னு பார்க்க வந்தீங்களா சார்?"

"சேச்சே. வீட்டிலிருந்து வேலைன்னுதானே சொன்னேன்? யார் வீடுன்னு சொல்லலையே." சிரிக்கப் பார்த்தார்; முடியவில்லை. "என் சம்சாரம் தவறினதிலேர்ந்து வீட்டுல உட்கார முடியலய்யா. நீங்களும் இல்லாத ஆபீஸ்லயும் முடியல."

"யாருங்க போன்ல, அந்தச் சிடுமூஞ்சியா?" 'சார்' என்பது மட்டும் காதில் விழ, உள்ளேயிருந்து மனைவி கேட்டாள்.

கணக்கர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஆமாம்மா, நான்தான்!" என்று மேலாளரே குரல் கொடுத்துவிட்டு, குனிந்து ஷூவைக் கழற்றத் தொடங்கினார்.