பாதிப் பின்னல்

ரொனிஷா வரிசையை விட்டு ஒரு காலை வெளியே வைத்தாள். பின்னாலிருந்து ஒரு கை அவள் தலைத்துணியை உருவிவிட்டது.

திரும்பினாள். காலையிலிருந்து அவளுக்குப் பின்னால் நின்று, பேரையும் வேலையையும் விசாரித்துக்கொண்டிருந்த வெர்லீன். தரையைக் கூட்டுகிற நீளப் பாவாடை, கக்கத்தில் மடக்கு நாற்காலி, பல்லிடுக்கில் சீப்பு.

"எங்க கிளம்பிட்ட கண்ணு? இந்தத் தலையோட போனா ஊரே சிரிக்கும். உக்காரு."

இன்றைக்குத்தான் பார்த்தவளின் தலைத்துணியில் கை வைப்பதற்கு என்ன துணிச்சல்! ரொனிஷாவுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

ஐந்து மணிக்கு அவள் கடையில் கல்லாவில் இருக்க வேண்டும். இன்னொரு முறை தாமதமானால் சீட்டைக் கிழித்துவிடுவதாக மேனேஜர் சொல்லியாயிற்று.

வரிசையோ பள்ளிக்கூடத்தைச் சுற்றிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை கிடந்தது. கறுப்பர்கள் இருக்கிற இந்தப் பக்கத்தில் மற்ற வாக்குச்சாவடிகளை எல்லாம் இந்த வருஷம் மூடிவிட்டார்கள். சிக்கனமாம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரர்கள் போன வேகத்தில் ஓட்டுப் போட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விடுகிறார்கள்.

போன தேர்தலில் உன் பேரே இல்லை என்று அவளைத் திருப்பி அனுப்பினார்கள். அலையாய் அலைந்து இந்த முறை பேரை ஏற்றியிருந்தாள். அந்த ஓட்டை விடவும் மனசில்லை, வேலையை விடவும் வழியில்லை.

கால் கடுத்தது. அதனால்தான் உட்கார்ந்தாள்.

வெர்லீன் நாற்காலியை விரித்து அமர்ந்து, அவளைத் தன் முழங்கால்களுக்கு நடுவே தரையில் இருத்திக்கொண்டாள். ரொனிஷாவின் இடுப்பில் ஏதோ கெட்டியாகக் குத்தியது. பூட்ஸாக இருக்கும்.

விரல்கள் பறந்தன. சற்று நேரத்தில் இடப்பக்கம் வரிவரியான பின்னலாகப் படிந்துவிட்டது. வலப்பக்கம் சூறாவளியில் சிக்கியது போல நின்றது. வெர்லீன் அங்கேயே கையை எடுத்துவிட்டாள்.

"மிச்சம் வாசப்படிகிட்ட. இப்பவே போகணும்னா தாராளமா போ. அரைத்தலையோட கல்லாவுல நில்லு."

முன்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நன்றாக மாட்டிக்கொண்டோம் என்று ரொனிஷாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

வரிசை நகர்ந்தபோதெல்லாம் இருவரும் எழுந்து நகர்ந்தார்கள். நாற்காலியும் கூடவே வந்தது. வாசலுக்கு அருகில் வந்ததும் வெர்லீன் சொன்னபடி வலப்பக்கத்தைத் தொடங்கினாள்.

எதிரே ஒரு லாரியில் சாய்ந்து நின்ற இருவர் காலையிலிருந்து மிரட்டுகிற மாதிரி எல்லோரையும் கேமராவில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் காவலுக்கு நின்ற ஷெரிப்பின் ஆளைக் கூப்பிட்டு, இவர்கள் பக்கம் கையை நீட்டினான்.

இந்த மாநிலத்தில் ஓட்டு வரிசையில் நிற்பவருக்கு யாரும் தண்ணீர்கூடக் கொடுக்கக்கூடாது என்று சட்டம். பின்னல் எந்தக் கணக்கில் வரும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

ஷெரிப்பின் ஆள் நேராக வந்தான்.

"எந்திரிங்க ரெண்டு பேரும். இங்க யாரும் யாருக்கும் எதுவும் செய்யக்கூடாது. அடையாளக் கார்டை எடும்மா, பேரை எழுதிக்கணும்."

வெர்லீன் எழவில்லை. "என் பொண்ணு தலையை நான் பின்னக்கூடாதா சார்? அதுக்குமா சட்டம் போட்டுட்டாங்க?"

குரலில் குறும்பு இருந்தது. ஆனால் ரொனிஷாவின் தோள்களை அணைத்திருந்த முழங்கால்கள் நடுங்கின. இவ்வளவு வாயாடிக்கு இவ்வளவு பயமா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

அவன் குனிந்து ரொனிஷாவின் முகத்துக்கு நேராகக் கேட்டான். "இது உங்கம்மாவா?"

போலீஸிடம் பொய் சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். உண்மையைச் சொல்லிவிட்டு எழுந்து ஓடினால் இப்போதுகூடக் கடைக்குப் போய்விடலாம்.

"பின்ன? பெத்தவளைத் தவிர வேற யாரு சார் முடியை இப்படிப் பிடிச்சு இழுப்பா?"

வரிசை மொத்தமும் வெடித்துச் சிரித்தது. அவன் முகம் சிவந்தது. இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு நடந்துவிட்டான்.

ரொனிஷாவின் போன் அதிர்ந்தது. மேனேஜர். அவள் எடுக்கவில்லை.

வாசற்படிக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. வெர்லீன் கடைசிப் பின்னலை முடிந்து, முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"போ கண்ணு."

"நீங்களும் வாங்கம்மா. அடுத்து நீங்கதானே?"

வெர்லீன் நாற்காலியை மடக்கினாள். பாவாடை அதன் காலில் மாட்டி மேலே ஏறியது. கணுக்காலில் ஒரு தடித்த கறுப்புப் பட்டை. அதில் ஒரு பச்சை விளக்கு விட்டுவிட்டு மினுங்கியது.

ரொனிஷாவின் அண்ணனைச் சிறையிலிருந்து வெளியே விட்டபோது போகிற இடமெல்லாம் கண்காணிக்க அவன் காலிலும் இதைத்தான் பூட்டினார்கள். தண்டனைக் காலம் தீர்ந்து இதைக் கழற்றும் வரை ஓட்டு கிடையாது. அதற்குள் போலீஸ் எதற்காவது பேரை எழுதிக்கொண்டால் மறுபடியும் உள்ளே.

வெர்லீன் அவசரமாகப் பாவாடையை இழுத்துவிட்டாள்.

ரொனிஷா கதவைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். வெர்லீன் நாற்காலியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரிசையின் கடைசியை நோக்கி வேகமாக நடந்துகொண்டிருந்தாள்.

அங்கே, கைக்குழந்தையோடு நின்ற ஒருத்தி வரிசையை விட்டு ஒரு காலை வெளியே வைத்திருந்தாள்.